சகலையின் கழுகு

சலூன்காரருக்கு வாரத்தில் செவ்வாய்க்கிழமை ஒன்றுதான் விடுமுறை. மற்ற ஆறு நாளும் நின்ற காலோடு நின்று ஊர்த் தலைகளையெல்லாம் குனியவைத்து நிமிர்த்துகிறவர், ஏழாம் நாள் தன் தலையைத் தலையணையில் வைத்தால் பத்து மணிக்கு முன்னால் எடுக்கமாட்டார். அந்தத் தூக்கத்துக்குத்தான் பல் டாக்டர் வேட்டு வைத்தார்.

பல் டாக்டர் அவருக்குச் சகலை. சலூன்காரர் மனைவியின் அக்காளைக் கட்டியவர். மனிதருக்குக் கழுகுப் பைத்தியம். ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்தில், அக்கரையில் நிற்கும் ஒரு நெடுமரத்தில், வெண்தலைக் கழுகு ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்தது. தலை வெள்ளை, வால் வெள்ளை, நடுவே உடம்பு மட்டும் கரும்பழுப்பு. வேட்டி சட்டைக்கு மேல் கோட்டு மாட்டியதுபோல் இருக்கும். அந்த ஜோடியைப் படம் எடுப்பதற்காகவே பல் டாக்டர் செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு பல்லையும் பிடுங்குவதில்லை என்று விரதம் எடுத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நடந்தவர் கரைச் சரிவில் வழுக்கி, இடுப்பளவு சேற்றில் போய் நின்றார். கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அப்படியே நின்றாராம். பம்ப் ஹவுஸ் வாட்ச்மேன் பார்த்துக் கயிறு போட்டு இழுத்திருக்கிறார். அன்று சாயங்காலமே அக்காளும் தங்கையும் போனில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

"ஏங்க, அடுத்த வாரத்துலேருந்து மாமா கூட நீங்களும் போறீங்க."

"நான் எதுக்கு? எனக்குக் காக்காவையும் கோழியையும் விட்டா வேற ஒன்னும் தெரியாது."

"தெரிய வேணாம். அவரு விழுந்தா தூக்குறதுக்கு ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்."

மாமியார் வீட்டு உறவில் மேல்முறையீடு கிடையாது. சலூன்காரர் மூன்றுகால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டாவி விட்டபடி சகலைக்குப் பின்னால் நடந்தார்.

முதல் இரண்டு வாரம் அவர் பார்த்ததெல்லாம் தன் இமைகளின் உட்புறத்தைத்தான். பல் டாக்டர் பேசிக்கொண்டே இருப்பார். கழுகுக்கு எத்தனை இறகு, எந்த வயதில் எந்த நிறம், எந்த நாட்டில் எந்த இனம் என்று புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிச் சொல்வார். தன்னிடம் வருகிறவர்களின் வாயைத் திறக்கவைத்துவிட்டுத் தான் மட்டுமே பேசிப் பழகியவர் அவர். பதில் வராத பேச்சு அவருக்குச் சர்க்கரை. சலூன்காரருக்கோ அதுவே தாலாட்டு.

மூன்றாம் வாரம் பல் டாக்டர் அவரை உலுக்கி எழுப்பினார்.

"சகலை, குஞ்சு கூட்டை விட்டு வெளிய வந்துடுச்சு! டெலஸ்கோப்புல பாரு, சீக்கிரம்!"

வேண்டா வெறுப்பாகக் கண்ணை வைத்தவர் அப்புறம் எடுக்கவில்லை. கூட்டுக்குப் பக்கத்துப் பட்டமரத்தில், பார்க்கவே மிரட்டலாக, தலை முதல் வால் வரை கரிபோல ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. அலகும் கறுப்பு. காற்று அடித்ததும் அதன் பிடரி இறகுகள் எழுந்து நின்றன. படுக்கையிலிருந்து எழுந்து நேரே கடைக்கு வந்த வாடிக்கையாளர்போல இருந்தது அது.

"அண்ணே, இதுக்கு அவசரமா ஒரு கட்டிங் தேவை."

"அது கழுகு சகலை. உன் கஸ்டமர் இல்ல."

"அம்மா அப்பா ரெண்டு பேர் தலையும் வெள்ளை. இது ஏன் கரிக்கட்டையா இருக்கு?"

"வளர வளரத்தான் மாறும். அஞ்சு வருஷம் ஆகும்னு போட்டிருக்கு," என்றார் டாக்டர், புத்தகத்தைத் தட்டி.

சலூன்காரருக்கு அது பிடித்துப்போய்விட்டது. முடி நரைப்பதை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கிற மனிதர் அவர். நரைத்தால் வயதாகிவிட்டது என்று கடைக்கு ஓடிவந்து மறைக்கிற கூட்டத்துக்கு நடுவே, வெள்ளைத் தலை வந்தால்தான் பெரிய மனுஷன் என்று ஐந்து வருஷம் காத்திருக்கிற ஜென்மமும் உலகத்தில் இருக்கிறதே! அதுமட்டுமல்ல, அந்தக் கரிக்கட்டையின் வலது காலில் பின்பக்க நகம் இல்லை என்பதையும் அன்றே கவனித்துவிட்டார். சவரம் செய்கிற கண்ணுக்கு மயிரிழை தப்பாது.

இப்படி மூன்று நான்கு மாதம் போயிற்று. அப்புறம் பல் டாக்டர் கிளினிக்கைப் புதுக் கட்டிடத்துக்கு மாற்றத் தொடங்கினார். தண்ணீர்க் குழாய் ஒரு பக்கம் கசிய, மின்சார ஒயர் இன்னொரு பக்கம் புகைய, புதிதாக வந்த சாய்வு நாற்காலி ஏறிய உயரத்திலிருந்து இறங்காமல் சண்டித்தனம் செய்ய, மனிதர் பத்து மாதம் நீர்த்தேக்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. "உனக்கும் இனிமே நிம்மதி சகலை, நல்லாத் தூங்கு," என்று பெரிய மனதோடு விடுதலை கொடுத்தார்.

சலூன்காரர் தூங்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும், "பிளேடு வாங்கிட்டு வந்துடறேன்," என்று வீட்டில் சொல்லிவிட்டு, பழைய பைனாகுலர் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கழுகு பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் மனைவி என்ன கழுத்தையா அறுக்கப்போகிறாள்? ஆனாலும் அவருக்குக் கூச்சம். வருஷம் பூராவும் சகலையின் பைத்தியத்தைக் கேலி செய்துவிட்டு, தனக்கும் அதே பைத்தியம் பிடித்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

கடையில் வாடிக்கையாளர்களுக்கு நேரம் குறித்துக்கொடுக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் கரிக்கட்டையை முதல் மாதத்திலிருந்தே வரைந்துகொண்டு வந்தார். அவருக்குப் பறவையின் பாஷை தெரியாது, முடியின் பாஷைதான் தெரியும். பழைய இறகு வெயில் பட்டு நுனி செம்பட்டை பாய்ந்து கிடந்தது. புதிதாக முளைத்தது எண்ணெய் தேய்த்ததுபோல் கறுகறுவென்று மின்னியது. குளிர் காலம் முடிந்தபோது வயிற்றில் வெள்ளைத் திட்டுகள் எட்டிப் பார்த்தன. முதுகிலும் சுண்ணாம்பு தெறித்ததுபோல் வெள்ளை. இறக்கையின் பின் ஓரம்தான் அவரை ரொம்பச் சிரிக்கவைத்தது. முதலில் சீராக இருந்த ஓரம், இறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து முளைத்ததும் ரம்பம்போல் ஆகிவிட்டது. புது இறகு குட்டை, பழைய இறகு நீளம். தொழில் பழக வந்தவன் முதல் நாள் வெட்டிய தலை எப்படி இருக்குமோ அப்படி. அந்த வருஷம் காற்றில் கூடு சரிந்து பெரிய ஜோடி முட்டையிடவில்லை. ஆகவே பார்ப்பதற்குக் கரிக்கட்டை ஒன்றுதான் இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது.

பத்து மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பல் டாக்டர் மறுபடியும் கேமராவைத் தூக்கினார். சலூன்காரர் ஒன்றுமே தெரியாதவர்போல ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

போய் நின்ற அரைமணி நேரத்தில் டாக்டர் கேமராவைச் சட்டென்று பட்டமரத்தின் பக்கம் திருப்பினார்.

"சகலை! அந்தப் பட்டமரத்தைப் பாரு! வயிறெல்லாம் வெள்ளைத் திட்டு, அலகு கறுப்பு, உடம்பு எவ்வளவு பெருசு! இது நம்ம ஊர்ப் பறவையே இல்ல. எங்கேயோ வடக்கேயிருந்து வழி தப்பி வந்த இனம். இந்தத் தண்ணியில இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல!"

சலூன்காரர் ஸ்டாண்டை இறக்கி வைத்தார்.

"அண்ணே, எனக்கென்னவோ அது நம்ம கரிக்கட்டை மாதிரி இருக்கு."

"கரிக்கட்டையா? பக்கத்துக் கிளையில அதோட அம்மா உட்கார்ந்திருக்கு பாரு. அம்மாவை விட இது பெருசா இருக்கு. புள்ள அம்மாவை விடப் பெருசா இருக்குமா?"

"நான் என்ன சொல்ல வரேன்னா, அந்த இறக்கை ஓரம்..."

"சகலை, நீ தலைமுடியில கில்லாடி, ஒத்துக்கறேன். இது இறகு. நான் இதுக்காக ஆறு புத்தகம் படிச்சிருக்கேன். நீ என்ன படிச்சே?"

பத்து மாதமாக வாராவாரம் வந்து படித்தேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. பிளேடு கதை நினைவுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் விஷயம் காட்டுத்தீயாகப் பரவியது. தீ வைத்தவர் டாக்டரின் மனைவி. கிளினிக்கில் வரவேற்பு மேசை அவருடையது. கன்னம் வீங்கி வந்து உட்கார்ந்திருக்கிற ஒருவரையும் அவர் விட்டுவைக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு கண்டுபிடிச்ச கழுகைப் பத்திக் கேள்விப்பட்டீங்களா?" என்று ஆரம்பிப்பார். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? உள்ளூர்ப் பத்திரிகையில் நான்கு பத்தி அகலத்துக்குப் படம் வந்தது. பறவை நேசர் மன்றத்தின் தலைவி, நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர், ஓர் அங்குலம் தப்பினாலும் சண்டைக்கு வருகிறவர், அவரே போன் செய்து பாராட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மன்றத்தார் நாற்பது பேர் பஸ் வைத்துக்கொண்டு வந்து பார்ப்பதாக ஏற்பாடாயிற்று.

வியாழக்கிழமை சலூன்காரர் வீட்டில் வேறொரு தீ பற்றியது.

அன்று கடை நோட்டை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். மத்தியானம் சாப்பிட வந்தவருக்கு முன்னால் சோற்றுக்குப் பதில் நோட்டு விரிந்து கிடந்தது. மனைவி எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தைப் பார்த்தால் பால் திரிந்துவிடும்.

"படிங்க."

"என்னது?"

"நீங்க எழுதினதுதானே? படிங்க, கேக்கறேன்."

அவர் தயங்குவதைப் பார்த்து மனைவியே படித்தார். "'க. — காலை ஏழரைக்கு தரிசனம். தனியாக.' அப்புறம், 'மழை. தரிசனம் இல்லை. மனசே சரியில்லை.' அதுக்கடுத்த வாரம், 'வெயிலில் கழுத்து செம்பு நிறம். என்ன அழகு!' இது எப்படி? 'இன்று என் பக்கம் ஒரு பார்வை. நிச்சயம் என்னைத்தான்.' யாருங்க அந்த 'க.'? செவ்வாய்க்கிழமை தவறாம பிளேடு வாங்கினீங்களே, அந்தக் கடைக்காரியா?"

சலூன்காரருக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நோட்டைப் பிடுங்கி அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பக்கம் முழுக்க இறக்கை. அதற்கடுத்த பக்கம் வால். அதற்கும் அடுத்ததில் நகம் இல்லாத ஒரு கால்.

மனைவி படங்களையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கழுகா?"

"கரிக்கட்டை. சுருக்கமா க."

"ஒரு கழுகு உங்களைப் பாக்கலைன்னா மனசு சரியில்லாம போயிருக்கு. நான் அக்கா வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தேனே, அப்போ இப்படி ஒரு வரி எழுதினீங்களா?"

அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதே உத்தமம் என்று அவருக்குத் தெரியும். மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டார். அப்போதுதான் சலூன்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் கண்டுபிடித்தது அபூர்வப் பறவையே இல்லை, நம் குஞ்சுதான் என்றதும் மனைவியின் கை கரண்டியோடு அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஐயோ, ஞாயித்துக்கிழமை நாப்பது பேரு வராங்களே! அத்தனை பேரு முன்னாடி யாராவது கண்டுபிடிச்சுட்டா அக்கா முகத்தை எங்க கொண்டு வச்சுக்குவா? அவ பாதி ஊருக்குச் சொல்லியிருக்கா. இன்னிக்கே போங்க. மாமாகிட்ட தனியா சொல்லுங்க. நாலு பேர் முன்னாடி வேணாம்."

"அவரு கேக்கமாட்டாரு."

"கேக்கற மாதிரி சொல்லுங்க."

சாயங்காலம் சலூன்காரர் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். உள்ளறையில் டாக்டர் தனியாக இருந்தார். உட்காருவதற்கு அந்தப் புதிய சாய்வு நாற்காலியைத் தவிர வேறு இடம் இல்லை. அதில் உட்கார்ந்ததுதான் தப்பு.

"அண்ணே, அந்தக் கழுகு விஷயமா..."

"வா சகலை, வா. கடைவாய்ப் பல்லுல ஏதோ கறுப்பா தெரியுதே. ஆ சொல்லு."

"இல்லண்ணே, நான் சொல்ல வந்தது... ஆ... ஆஆ..."

நாற்காலி பின்னால் சாய்ந்தது. வாய்க்குள் சின்னக் கண்ணாடி ஒன்று, கொக்கி ஒன்று, தண்ணீர் உறிஞ்சும் குழாய் ஒன்று. டாக்டர் பாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தை விவரித்தார். எங்கே நாற்காலி போடுவது, யார் முதலில் பேசுவது, தான் எந்தச் சட்டை போடுவது. சலூன்காரர் 'கரிக்கட்டை' என்றார். அது 'ஆஇஆஐ' என்று கேட்டது. 'இறக்கை' என்றார். டாக்டர் இன்னும் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சினார்.

தலையைத் திருப்ப முடியாமல் கிடந்தவரின் கண் எதிர்ச் சுவரிலிருந்த திரையில் போய் நின்றது. யாருடைய தாடையோ எக்ஸ்ரே படமாகத் தெரிந்தது. மேலே சின்னச் சின்னப் பற்கள். அவற்றின் வேருக்கு அடியில், வரிசையில் இடம் பிடிக்கக் காத்திருப்பவர்கள்போல இன்னொரு வரிசைப் பற்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு மூளையில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. டாக்டர் கொக்கியை எடுத்த மறு நொடி கேட்டார்.

"அண்ணே, அந்தப் படத்துல இருக்கறது யாரு?"

"எது? அதுவா, ஏழு வயசுப் பொண்ணு. காலையில வந்தா."

"பேரைப் பாக்காமலே வயசு சொல்வீங்களா?"

டாக்டருக்கு நாக்கில் தேன் தடவியதுபோல் ஆயிற்று. "வாய்க்குள்ள ஒரு பார்வை போதும் சகலை. முன்னாடி ரெண்டு நிலைப்பல் பாதி முளைச்சிருக்கு. பக்கத்துல பால் பல். அந்தப் பக்கம் ஒன்னு விழுந்து ஓட்டை. ஒன்னு நெட்டை, ஒன்னு குட்டை, வரிசையே கோணல் மாணலா இருக்கும். ஆறு ஏழு வயசுல எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தான்."

"அந்தப் பொண்ணோட அம்மா பல்லெல்லாம் ஒரே சீரா இருக்கும், இல்ல?"

"இருக்கும்."

"அப்போ அம்மா வாயையும் பொண்ணு வாயையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, இது அந்த அம்மா பெத்த புள்ளையே இல்ல, வடக்கேயிருந்து வழி தப்பி வந்த வேற பிறவின்னு சொல்வீங்களா?"

டாக்டர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அந்த அறையில் அவர் வாய் திறந்தும் பேச்சு வராமல் நின்றது அதுதான் முதல் தடவை.

சலூன்காரர் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி நோட்டை விரித்தார். மாதவாரியாகப் பதினான்கு படங்கள்.

"இதப் பாருங்க. குஞ்சா இருந்தப்போ இறக்கை ஓரம் சமமா இருக்கு. இங்க மூணு இறகு விழுந்து குட்டையா முளைச்சிருக்கு. நடுநடுவே பழசு நீட்டிக்கிட்டு இருக்கு. நீங்க எடுத்த படத்துல ஓரம் ரம்பம் மாதிரி இருக்கே, அது இதுதான். பால் இறகும் நிலை இறகும் கலந்து கிடக்கு அண்ணே."

"அம்மாவை விடப் பெருசா இருக்கே?" டாக்டரின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"உடம்பு பெருசு இல்ல. முதல்ல முளைக்கிற இறகும் வாலும் நீளம். ஒவ்வொன்னா விழுந்து முளைக்க முளைக்கக் குறையுது. நான் அளந்து பாக்கல, ஆனா அம்மா பக்கத்துல உட்காரும்போது தலையும் அலகும் ஒரே அளவுதான். தொளதொளன்னு பெரிய சட்டை போட்ட மாதிரி. உங்க படத்தையே போட்டுப் பாருங்க."

எக்ஸ்ரே இருந்த திரையில் கழுகு வந்தது. போன வருஷம் எடுத்த கரிக்கட்டை ஒரு பாதியில், இந்த வருஷத்து அபூர்வ விருந்தாளி மறு பாதியில். சலூன்காரர் வலது காலைச் சுட்டினார். டாக்டர் பெரிதாக்கினார். இரண்டிலும் பின் நகம் இல்லை.

அப்புறம் டாக்டர் தன் நாற்காலியில் தானே போய்ச் சாய்ந்துகொண்டார்.

"பத்து மாசமா தனியாவா போனே?"

"பிளேடு வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றார் டாக்டர். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தன்னை விட்டுவிட்டு விளையாடப் போனவர்களைப் பார்த்துக் கேட்கிற மாதிரி இருந்தது. சலூன்காரருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"உங்களுக்குக் கிளினிக் வேலைன்னு..."

"பேப்பர்ல வந்துடுச்சு சகலை. நாலு பத்தி."

"தலைவிக்குப் போன் போட்டுச் சொல்லிடுங்களேன்."

"எனக்கு ஞாயித்துக்கிழமை காய்ச்சல் வரும்," என்றார் டாக்டர், கூரையைப் பார்த்து.

காய்ச்சல் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் வந்தது, நாற்பது பேர் இறங்கினார்கள். டாக்டரின் மனைவி தன் பங்குக்கு, பல் கட்டிக்கொண்ட வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேரை அழைத்து வந்திருந்தார். சலூன்காரரும் கடையை மூடிவிட்டு மனைவியோடு வந்து, கூட்டத்தின் ஓரமாக நின்றார். ஞாயிற்றுக்கிழமை கடையை மூடுவது என்றால் என்னவென்று அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதிலும் சகலையின் முகத்தைப் பார்த்துவிட்டு, தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தார். சொல்வதோ மறைப்பதோ அவர் பாடு.

கரிக்கட்டை வஞ்சனையில்லாமல் வந்தது. கூட்டத்தின் தலைக்கு மேலேயே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பட்டமரத்தில் இறங்கியது. நாற்பது பேரும் ஒரே குரலில் 'ஆகா' என்றார்கள்.

"கண்ணைப் பாருங்க, நீலமா இல்ல?" என்றார் ஒருவர்.

"நான் வெளிநாட்டுல இதை நேர்ல பாத்திருக்கேன், இதேதான்," என்றார் தொப்பி போட்ட இன்னொருவர்.

"குளிர் நாட்டுப் பறவைக்கே உரிய கம்பீரம்," என்றார் மூன்றாமவர். அன்று வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். ஒருவருக்கும் தெரியவில்லை, ஒருவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சும்மா தலையாட்டினால் போதும், அபூர்வம் அபூர்வமாகவே இருந்துவிடும். அவர் கண் ஒரு முறை சலூன்காரரைத் தேடியது. சலூன்காரர் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமே பார்க்காதவர்போல நின்றார்.

தலைவி முன்னால் வந்தார். "டாக்டர், எந்த அடையாளத்தை வச்சு இது வேற இனம்னு முடிவு பண்ணீங்க? எல்லாருக்கும் ஒரு தடவை சொல்லுங்க."

டாக்டர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா, நான் முடிவு பண்ணது தப்பு. இது வேற இனம் இல்ல. அதோ கூட்டுமேல உட்கார்ந்திருக்கே, அந்த ஜோடியோட குஞ்சுதான். வயசு ஒன்னரை இருக்கும். இறகு மாறிக்கிட்டு இருக்கு. நான் ஆறு புத்தகம் படிச்சேன், பறவையை மட்டும் சரியா படிக்கல. என் சகலை படிச்சாரு. அதோ நிக்கறாரு."

தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ தேடினார். டாக்டரின் மனைவி முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. தங்கை ஓடிப்போய் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தலைவி கைப்பையைத் திறந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"போன குளிர்காலத்துல நானும் இதே பறவையைப் பாத்தேன். 'இனம் தெரியவில்லை, புதிதாக இருக்கலாம்'னு எழுதி வச்சிருக்கேன். டாக்டர் சொன்னதும் எனக்கும் சாட்சி கிடைச்சுதுன்னு சந்தோஷப்பட்டேன். முப்பது வருஷம் நிலம் அளந்தவ நான்!" என்று சொல்லி, அந்த வரியைப் பேனாவால் அடித்தார். அடித்துவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததும் கூட்டத்துக்குத் தைரியம் வந்து எல்லோரும் சிரித்தார்கள். "எங்கே அந்தச் சகலை? வந்து சொல்லுங்க, நாங்களும் கத்துக்கறோம்."

சலூன்காரரைத் தள்ளிக்கொண்டு வந்து நடுவில் நிறுத்தினார்கள். முதல் இரண்டு நிமிஷம் நாக்கு ஒட்டிக்கொண்டது. கையில் கத்தரிக்கோல் இல்லாமல் அவர் நாலு பேர் முன்னால் பேசியதே இல்லை. அப்புறம் யாரோ, "ஏன் சார், அந்த முதுகுல மட்டும் ஏன் செம்பட்டையா இருக்கு?" என்று கேட்டார்கள். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. வெயில் இறகை என்ன செய்யும், முடியை என்ன செய்யும், புது இறகு எப்படி அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும், ஏன் ஒரே நேரத்தில் எல்லாம் உதிராது, அப்படி உதிர்ந்தால் பறவை எதைக்கொண்டு பறக்கும் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். நடுவில் ஒருவர் தன் வழுக்கைக்கு வழி கேட்டார். "கழுகுக்கு உதிர்ந்தா முளைக்கும் சார், அதுக்குக் கொடுப்பினை இருக்கு," என்றார் சலூன்காரர். பஸ் டிரைவர் மூன்று முறை ஹார்ன் அடித்த பிறகுதான் கூட்டம் கலைந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் டாக்டரின் மனைவி கார் ஜன்னல் வழியாக வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். டாக்டர் பயந்துகொண்டே ஓட்டினார். பாதி வழியில் மனைவி மெதுவாகச் சொன்னார். "எத்தனையோ பேரு தப்பைச் சரின்னு சாதிக்கறாங்க. நீங்க நாப்பது பேரு முன்னாடி ஒத்துக்கிட்டீங்க. அதையும் நான் எல்லார்கிட்டயும் சொல்லத்தான் போறேன்." டாக்டருக்கு நிம்மதியா கவலையா என்று அவருக்கே தெரியவில்லை.

பத்திரிகையில் திருத்தம் வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு, வானிலைக்குக் கீழே.

அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் நால்வராகப் போகத் தொடங்கினார்கள். அக்காளும் தங்கையும் கரையில் பாய் விரித்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நடுநடுவே பைனாகுலரை வாங்கிப் பார்த்து, "இன்னும் தலை வெளுக்கலையே," என்று குறை சொல்வார்கள். அடுத்த வருஷம் பெரிய ஜோடி கூட்டைப் புதுப்பிக்கத் தொடங்கியதும் தாய்க்கழுகு கரிக்கட்டையை அண்டவிடவில்லை. துரத்தித் துரத்தி அடித்தது. ஒரு காலையில் அது நீர்த்தேக்கத்தின் கடைசி வரைக்கும் போய், மேலே ஏறி, ஒரு புள்ளியாகி மறைந்துவிட்டது. சகலைகள் இருவரும் மதியம் வரைக்கும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இரண்டு மாதம் கழித்து, கூட்டின் விளிம்புக்கு மேலே சாம்பல் பஞ்சு உருண்டைகள்போல இரண்டு தலைகள் தெரிந்தன. அவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் சண்டை வந்து, சலூன்காரரும் பல் டாக்டரும் மூன்று வாரம் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ளாமலே, ஒரே டெலஸ்கோப்பில் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.